‘பீஸ்ட்’ என்ற ப்ராப்: டெண்டாய் ம்டவாரிராவின் ரக்பி வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரக்பி யூனியன் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களின் கண் பந்தோடு ஓடுகிறவரைத்தான் துரத்தும். அவர் கைக்குப் பந்து வருவதற்கு முன்னால், எட்டுப் பேர் தலையைக் குனிந்து எதிரே நிற்கும் எட்டுப் பேரைத் தள்ளியிருக்கிறார்கள் என்பது பலருக்கு உறைப்பதில்லை. ‘ஸ்க்ரம்’ எனப்படும் அந்தத் தள்ளலின் முன்முனையில் நிற்பவர்கள் ப்ராப்கள். அவர்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, தென்னாப்பிரிக்காவுக்காக 117 டெஸ்ட் (ரக்பியில் சர்வதேச ஆட்டத்துக்கு அதுவே பெயர்) ஆடிய டெண்டாய் ம்டவாரிராவின் வாழ்க்கையை வைத்துப் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

ப்ராப் என்றால் யார்?

சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கும் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்குப் பொருளே அதுதான். பதினைந்து பேர் கொண்ட அணியில் 1, 3 என்ற எண்களை அணிபவர்கள் ப்ராப்கள். இருவருக்கும் நடுவில் 2ஆம் எண் அணிந்த ஹூக்கர். இந்த மூவரும் சேர்ந்து ஸ்க்ரமின் முதல் வரிசை. இவர்களுக்குப் பின்னால் ஐந்து பேர் தோள்கொடுத்துத் தள்ளுவார்கள். ஓர் அணியின் எட்டுப் பேரையும் எடைபோட்டால் சர்வதேச ஆட்டங்களில் 900 கிலோ அளவுக்கு வரும். எதிரணியிலும் அதே எடை. இரண்டு பாரங்களும் சந்திக்கும் இடத்தில் ப்ராப்பின் கழுத்தும் தோளும் இருக்கின்றன.

ஸ்க்ரம் முடிந்ததும் அவருக்கு ஓய்வு கிடையாது. எல்லைக்கோட்டிலிருந்து பந்து எறியப்படும்போது, குதிக்கிறவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓடிவருகிறவர்களைத் தடுத்து வீழ்த்த வேண்டும். விழுந்தவர்மேல் குவியும் கூட்டத்தை விலக்க வேண்டும். அடுத்த ஸ்க்ரமுக்கு நடுவர் விசில் ஊதினால் மறுபடி முதல் ஆளாகக் குனிய வேண்டும்.

1ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும் ஒரே வேலையைத்தானே செய்கிறார்கள்?

இல்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் ஸ்க்ரமில் பாதி புரிந்துவிடும்.

இரண்டு முதல் வரிசைகளும் நேருக்கு நேர் கோத்துக்கொள்ளும்போது தலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும். இடது ஓரத்தில் நிற்கும் 1ஆம் எண் வீரரின் தலை கோர்வைக்கு வெளியே இருக்கும். அவருடைய வலது தோள் மட்டுமே எதிராளியோடு மோதும். அதனால் அவர் ‘லூஸ்ஹெட்’. வலது ஓரத்து 3ஆம் எண் வீரரின் தலையோ எதிரணி ஹூக்கருக்கும் லூஸ்ஹெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இரண்டு தோள்களிலும் பாரம். அவர் ‘டைட்ஹெட்’.

டைட்ஹெட்டின் வேலை, இரண்டு பேரின் தள்ளலைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பது. லூஸ்ஹெட்டின் வேலை அந்த அசையாதவரை அசைப்பது. எதிராளியின் மார்புக்குக் கீழே தோளைக் கொடுத்து மேல்நோக்கி நெம்புவார். கடப்பாரையைப் பாறைக்கு அடியில் செருகுவதற்கு ஒப்பான வேலை இது. பாறைக்கு மேலே வைத்து அழுத்தினால் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை. அடியில் இடம் கிடைத்துவிட்டால் குறைந்த பலமே போதும். ம்டவாரிரா லூஸ்ஹெட். அந்த அடியிடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அவர் வாழ்க்கை கழிந்தது.

அவர் எங்கே பிறந்தார்? ‘பீஸ்ட்’ என்ற பெயர் எப்படி வந்தது?

1985 ஆகஸ்ட் 1 அன்று ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் பிறந்தார். சர்ச்சில் பள்ளியிலும் பிறகு பீட்டர்ஹவுஸ் பள்ளியிலும் படித்தார். ‘பீஸ்ட்’, அதாவது மிருகம், பள்ளி நாட்களிலேயே அவரோடு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். பிற்காலத்தில் அவர் பந்தைத் தொட்டாலே மைதானம் முழுவதும் ‘பீ...ஸ்ட்’ என்று நீட்டி முழங்கும். முதல்முறை கேட்கிறவர்கள் கூட்டம் அவரைக் கேலி செய்கிறது என்று எண்ணிவிடுவார்கள். அது அன்பின் முழக்கம். ஒரு ப்ராப் பந்தைத் தொட்டதற்காக நாற்பதாயிரம் பேர் சேர்ந்து குரல் கொடுப்பது ரக்பியில் அரிதிலும் அரிது.

சிறு வயதிலிருந்தே அவர் ப்ராப்பா?

இல்லை. பள்ளியில் அவர் ஸ்க்ரமின் கடைசி வரிசையில், 8ஆம் எண்ணில் ஆடியவர். பந்தை ஏந்தி ஓடி ஆட்களை இடித்துத் தள்ளும் இடம் அது. பார்வையாளர் கண்ணில் படுகிற இடமும்கூட. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஷார்க்ஸ் அணியின் பயிற்சிக்கூடத்துக்கு வந்தபோதும் அவர் கனவு அதுவாகவே இருந்தது. அவருடைய எதிர்காலம் முதல் வரிசையில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து அவரை ப்ராப்பாக மாற்றியவர் பயிற்சியாளர் டிக் முயிர்.

இந்த மாற்றம் எவ்வளவு கடினமானது என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பின்வரிசையில் ஆடுகிறவர் நிமிர்ந்து ஓடிப் பழகியவர். ப்ராப்போ முதுகைப் பலகைபோல் தட்டையாக வைத்து, இடுப்பைத் தோளுக்குச் சமமாக இறக்கி, கழுத்தை இறுக்கி, பாதங்களைப் புல்லில் ஊன்றி நிற்க வேண்டும். எதிராளி அரை அங்குலம் நகர்ந்தாலும் அதை முதலில் தோள்தான் அறியும். கண் பார்த்து மூளை யோசிப்பதற்குள் காலம் கடந்துவிடும். இதை அடிபட்டுத்தான் கற்க முடியும். பத்து ஆண்டு அனுபவமுள்ள டைட்ஹெட் ஒருவர் புதியவரை என்னவெல்லாம் செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்வார்.

ஆனாலும் ம்டவாரிரா வேகமாகக் கற்றார். 2008 ஜூன் 14 அன்று பிரிட்டோரியாவில் வேல்ஸுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அப்போது அவருக்கு 22 வயது. அதே ஆண்டு ஷார்க்ஸ் அணி, 12 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு, உள்நாட்டின் கரி கோப்பையை வென்றது.

2009ஆம் ஆண்டு டர்பன் ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அன்று என்ன நடந்தது?

பிரிட்டிஷ் அன்ட் ஐரிஷ் லயன்ஸ் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளின் சிறந்த வீரர்களைத் திரட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பயணம் போகும் அணி. தென்னாப்பிரிக்காவுக்கு அது வருவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். ஒரு வீரர் வாழ்நாளில் ஒருமுறை எதிர்கொண்டாலே பெரிது.

2009 ஜூன் 20. டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் முதல் டெஸ்ட். (1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையிறங்கிய அதே டர்பன், நம்மவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பெருந்தொகையாக வாழும் நகரம்.) ம்டவாரிராவுக்கு எதிரே நின்றவர் ஃபில் விக்கெரி. 2003இல் இங்கிலாந்தோடு உலகக் கோப்பை வென்றவர், அணித்தலைவராக இருந்தவர், ஊரறிந்த டைட்ஹெட். ம்டவாரிராவோ டெஸ்ட் ஆட்டத்துக்கு வந்து ஓராண்டு ஆனவர்.

முதல் ஸ்க்ரமிலிருந்தே விக்கெரியின் காலடியில் தரை இல்லாமல் போனது. ம்டவாரிரா அவருடைய மார்புக்கு அடியில் நுழைந்து நெம்ப, அந்தப் பெரிய உடல் நிமிர்ந்தது. ஸ்க்ரமில் நிமிர்ந்துவிட்ட ப்ராப்புக்கு மீட்சி இல்லை. பின்னால் தள்ளுகிறவர்களின் பலம் அவர் வழியாகப் போகாது. நடுவர் லயன்ஸுக்கு எதிராக மீண்டும் மீண்டும் பெனால்டி கொடுத்தார். இடைவேளைக்குப் பிறகு விக்கெரி வெளியே அழைக்கப்பட்டு ஆடம் ஜோன்ஸ் உள்ளே வந்தார். அதன்பின் லயன்ஸ் ஸ்க்ரம் ஓரளவு நிலைபெற்றது, ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. தென்னாப்பிரிக்கா 26-21 என வென்றது. ஆட்டநாயகன் ம்டவாரிரா.

வித்தியாசம் ஐந்தே புள்ளிகள் என்பதைக் கவனியுங்கள். ஸ்க்ரம் மட்டும் சமமாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் விதியை மீறித் தள்ளினார் என்று சிலர் சொல்கிறார்களே?

நேராகத் தள்ளாமல் உள்நோக்கிக் கோணலாகத் தள்ளினார் என்று லயன்ஸ் தரப்பில் அப்போதே குறை சொன்னார்கள். விதிப்படி ப்ராப் நேராகத்தான் தள்ள வேண்டும். நெம்புகிற லூஸ்ஹெட் கொஞ்சம் உள்ளே திரும்புவது வழக்கமாக நடப்பது. அதில் எது தவறு என்பதை அந்த நொடியில் நடுவர்தான் தீர்மானிக்கிறார். குறையில் சாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதிராளி கோணலாக வந்தால் அதற்கு ஈடுகொடுப்பதும் டைட்ஹெட்டின் கலைக்குள் அடக்கம்.

இந்தக் கதையின் மறுபாதி பலருக்குத் தெரிவதில்லை. தொடர் கைவிட்டுப் போன பிறகு, ஜூலை 4 அன்று ஜோகன்னஸ்பர்கில் நடந்த மூன்றாவது டெஸ்டில் விக்கெரியை மறுபடி களமிறக்கினார்கள். எதிரே அதே ம்டவாரிரா. இந்த முறை லயன்ஸ் ஸ்க்ரம் உறுதியாக நின்றது. லயன்ஸ் 28-9 என வென்றது. இரண்டு வாரங்களுக்கு முன் உலகமே பார்க்கத் தூக்கியெறியப்பட்ட ஒருவர், அதே எதிராளிக்கு முன் மீண்டும் குனிந்தார். இந்த இரண்டு பேரையும் எனக்கு ஒரே அளவில் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

குடியுரிமைச் சிக்கல் என்ன?

ஒரு நாட்டில் தொடர்ந்து மூன்று ஆண்டு வசித்திருந்தால் அந்நாட்டுக்காக ஆடலாம் என்பது அன்றைய சர்வதேச ரக்பி விதி. (இப்போது ஐந்து ஆண்டு.) அதன்படி ம்டவாரிரா தகுதியுள்ளவர். ஆனால் குடிமகன் அல்லாதவர் தேசிய அணியில் ஆடலாமா என்று 2010இல் தென்னாப்பிரிக்க அரசியல் வட்டாரத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. டர்பனில் நாட்டுக்காக அவர் அந்த ஆட்டத்தை ஆடி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அந்த ஆண்டே குடியுரிமை கிடைத்து விவகாரம் தீர்ந்தது. ஆனால் அதே 2010இல் குர்த்ரோ ஸ்டீன்காம்ப் என்ற இன்னொரு லூஸ்ஹெட் மிகச் சிறப்பாக ஆடி, நாட்டின் அவ்வாண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார். ஆவணம் கிடைத்தவுடன் இடமும் திரும்பக் கிடைத்துவிடவில்லை; அதற்கு அவர் மறுபடி உழைக்க வேண்டியிருந்தது.

இதயக் கோளாறோடு ஆடினாரா?

திடீரென இதயம் தாறுமாறாகத் துடிக்கும் சிக்கல் அவருக்கு இருந்தது. 2012இல் மட்டும் ஒருமுறைக்கு மேல் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. டெஸ்ட் ஆட்டங்களைத் தவறவிட்டார். சிகிச்சை பெற்று, மருத்துவர்கள் அனுமதித்த பிறகே திரும்பினார். அவர் தன் மதநம்பிக்கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர். இந்தக் காலத்தைக் கடக்க அது துணைநின்றதாகச் சொல்லியிருக்கிறார்.

ப்ராப் ஆவதற்கு எடை இருந்தால் போதுமா?

போதாது. சர்வதேச ப்ராப்கள் பெரும்பாலும் 110 முதல் 130 கிலோ வரை இருப்பார்கள். ஆனால் எடை நுழைவுச்சீட்டு மட்டுமே. கழுத்தும் நடுவுடலும் இறுகாமல் எடை மட்டும் இருந்தால், பின்னாலிருந்து வரும் தள்ளலே அவரை மடித்துப் போட்டுவிடும். ப்ராப்கள் கழுத்துக்கென்றே தனிப்பயிற்சி செய்கிறார்கள். ஸ்க்ரம் இயந்திரத்தைத் தள்ளிப் பழகுகிறார்கள். பிறகு உண்மையான ஆட்களோடு மோதிப் பழகுகிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான பள்ளிக்கூடம். இயந்திரம் ஏமாற்றாது, மனிதன் ஏமாற்றுவான்.

மற்ற வீரர்கள் ஓய்வுபெறும் வயதில் ப்ராப்கள் உச்சத்தில் இருக்கிறார்களே, ஏன்?

கால்வேகம் முப்பதைத் தாண்டினால் குறையும். ஸ்க்ரம் அறிவு குறைவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் ஜேசன் லெனர்ட். தச்சுவேலை செய்துகொண்டே ஆடியவர். 1990இல் முதல் டெஸ்ட். 1992இல் கழுத்தில் பெரிய காயம். இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்துக் கழுத்தில் வைத்துச் சரிசெய்தார்கள். 1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டபோது, பழைய உலகிலிருந்து புதிய உலகுக்கு அப்படியே நடந்துபோனார். இரண்டு பக்கத்திலும் ஆடத் தெரிந்தவர். இங்கிலாந்துக்காக 114 டெஸ்ட்.

2003 நவம்பர் 22, சிட்னியில் உலகக் கோப்பை இறுதி. நடுவர் ஆந்த்ரே வாட்சன் இங்கிலாந்து ஸ்க்ரமுக்கு எதிராகப் பெனால்டி மேல் பெனால்டி கொடுத்துக்கொண்டிருந்தார். விக்கெரிக்குப் பதிலாக 35 வயது லெனர்டை இறக்கினார்கள். முன்னேயும் போகமாட்டேன், பின்னேயும் போகமாட்டேன் என்று நடுவரிடம் சொல்லிவிட்டு, சொன்னபடியே நின்றார். பெனால்டிகள் நின்றன, இங்கிலாந்து 20-17 என வென்றது. எதையும் செய்யாமல் நிற்பதே ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றும் என்பதை அறிந்திருப்பதற்கு 35 வயது ஆக வேண்டியிருக்கிறது.

ப்ராப்கள் முழு ஆட்டமும் ஆடுவதில்லையே?

இப்போது பெரும்பாலும் ஐம்பது நிமிடத்துக்குள் மாற்றிவிடுகிறார்கள். மாற்று ஆட்களில் முதல் வரிசைக்கெனப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தாக வேண்டும் என்பது விதி. பழக்கமில்லாதவரை அங்கே நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தகுதியானவர் இல்லாவிட்டால் தள்ளல் இல்லாத ஸ்க்ரம்தான் நடக்கும்.

2019 உலகக் கோப்பை இறுதி ம்டவாரிராவுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

அதற்கு முன் இரண்டு உலகக் கோப்பைகளில் அவர் கண்டது ஏமாற்றமே. 2011இல் காலிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 11-9 என்று தோல்வி. 2015இல் பிரைட்டனில் ஜப்பானிடம் 34-32 என்று, ரக்பி வரலாறு மறக்காத அதிர்ச்சித் தோல்வி. அன்று 1ஆம் எண்ணில் தொடங்கியவர் ம்டவாரிரா. 2018 ஜூனில் ப்ளூம்ஃபொன்டைனில் இங்கிலாந்துக்கு எதிராக நூறாவது டெஸ்டை ஆடினார். அந்த எண்ணைத் தொட்ட ஆறாவது தென்னாப்பிரிக்க வீரர் அவர்.

பிறகு 2019 நவம்பர் 2, யோகோஹாமா. முந்தைய வாரம் நியூசிலாந்தை 19-7 என்று வீழ்த்தியிருந்த இங்கிலாந்து, எதிரே. பெரும்பாலோர் இங்கிலாந்து வெல்லும் என்றே கணித்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் இங்கிலாந்து டைட்ஹெட் கைல் சின்க்லர் தலையில் அடிபட்டு வெளியேற, டேன் கோல் உள்ளே வந்தார். அனுபவசாலி, ஆனால் ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் ஒரே ஆளாகத் தாங்க வேண்டிய நிலை.

பத்தாண்டுக்கு முன் விக்கெரிக்கு நேர்ந்தது கோலுக்கு நேர்ந்தது. 34 வயது ம்டவாரிரா அடியில் இடம் கண்டுபிடித்தார். இங்கிலாந்து ஸ்க்ரம் பின்னுக்குப் போனது, உடைந்தது. ஒவ்வொரு பெனால்டிக்கும் தென்னாப்பிரிக்க வீரர்கள் முதல் வரிசை ஆட்களின் முதுகில் தட்டி ஆர்ப்பரித்தார்கள். ஹான்ட்ரே பொல்லார்ட் அன்று உதைத்து எடுத்த 22 புள்ளிகளில் ஒரு பகுதி ஸ்க்ரமில் பிறந்தது. இடைவேளைக்குப் பிறகு சில நிமிடங்களில் ம்டவாரிராவும் ஃப்ரான்ஸ் மல்ஹெர்பவும் வெளியேற, ஸ்டீவன் கிட்ஷாஃபும் வின்சென்ட் கோக்கும் வந்தார்கள். களைத்துப்போன கோலுக்கு எதிரே மறுபடி புதிய உடல்கள். கடைசியில் தென்னாப்பிரிக்காவின் மபிம்பியும் கோல்பியும் ஓடிப்போய் ட்ரை போட்டார்கள் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை), 32-12 என வெற்றி. படங்களில் நாம் பார்ப்பது கோல்பியின் ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு வழி திறந்தது முதல் நாற்பது நிமிடங்களில், தலை தெரியாத குவியலுக்குள்.

டேன் கோலுக்காகவும் ஒரு சொல். அந்த இறுதியை வைத்து அவரை மட்டும் பழித்தது நியாயமல்ல. மாற்று ஆள் இல்லாமல் எழுபது நிமிடத்துக்கு மேல், இரண்டு புதிய லூஸ்ஹெட்களை அடுத்தடுத்துத் தாங்கியவர் அவர்.

இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது?

மிகவும். இதை மறைத்துவிட்டு ஸ்க்ரமைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 2005 மார்ச்சில் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து, 20 வயது டைட்ஹெட் மேட் ஹாம்ப்சனின் கழுத்தெலும்பு விலகியது. அங்கு நடுவராக இருந்த டோனி ஸ்ப்ரெட்பரி முதலுதவித் தொழில் செய்தவர் என்பதால் உயிர் பிழைத்தது. ஹாம்ப்சனின் கழுத்துக்குக் கீழ் இயக்கம் திரும்பவில்லை. அவர் பிறகு தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, விளையாட்டில் காயமுற்ற இளைஞர்களுக்கு உதவிவருகிறார். 2013 முதல், மோதுவதற்கு முன்பே ப்ராப்கள் ஒருவர் ஜெர்சியை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும் என்று விதி மாறியது. அதனால் முதல் மோதலின் வேகம் குறைந்தது.

கண்ணுக்குத் தெரியாத காயம் மூளையில். நியூசிலாந்தின் மிகச் சிறந்த டைட்ஹெட்களில் ஒருவரான கார்ல் ஹேமன், நாற்பதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே தமக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதை 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். ப்ராப்பின் வாழ்க்கையைப் பற்றிப் பேசினால் அவரையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஓய்வுக்குப் பின் ம்டவாரிரா என்ன செய்கிறார்?

இறுதி ஆட்டம் முடிந்த சில நாட்களில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். 117 டெஸ்ட், தென்னாப்பிரிக்க ப்ராப்களில் மிக அதிகம். 2020இல் வாஷிங்டனின் ஓல்ட் குளோரி அணிக்கு ஆடப்போனார். கொரோனாவால் அந்தப் பருவம் பாதியில் நின்றது, அதோடு முழுமையாக ஓய்வுபெற்றார். பின்தங்கிய இளைஞர்களுக்காகத் தன் பட்டப்பெயரிலேயே ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்.

117 டெஸ்டில் எத்தனை ட்ரை போட்டார்?

எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே மிச்சமாகும்.

ஸ்க்ரமை எப்படிப் பார்ப்பது? எனக்கு எல்லாம் ஒரே குவியலாகத் தெரிகிறது.

பந்தைத் தேடாதீர்கள். இரண்டு ப்ராப்களின் இடுப்பைப் பாருங்கள். யாருடைய இடுப்பு தோளைவிட உயர்கிறதோ, அல்லது யாருடைய உடல் நிமிர்கிறதோ, அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்து லூஸ்ஹெட்டின் இடது முழங்கையைப் பாருங்கள். அது தரையை நோக்கி இறங்கினால் ஸ்க்ரம் சரியப்போகிறது. பிறகு அவர் இடுப்புக்கும் ஹூக்கரின் இடுப்புக்கும் நடுவில் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் எதிராளி அங்கே ஆப்பு அறைந்துவிட்டார் என்று பொருள்.

பழக, 2019 இறுதியின் முதல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரமையும் இரண்டு முறை ஓடவிட்டு, முதல்முறை பச்சை ஜெர்சியின் 1ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை, அவருக்கு எதிரே வெள்ளை ஜெர்சியில் நிற்பவரின் பாதங்களை.